அப்பாவு இன்னும் டூட்டியில் இருக்கிறான்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மங்கள வர்ஷினி உருக்காலை என்று ஒரு கம்பெனி. பேரில் மங்களமும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. உள்ளே போனால் இரண்டும் கிடையாது. பழைய இரும்பைக் கொட்டி உருக்கி, கட்டடத்துக்குக் கம்பியாக இழுத்து விடுகிற இடம். வருஷத்தில் ஆயுத பூஜைக்கு ஒருநாள் மட்டும் அங்கே உலையை அணைப்பார்கள். அந்த நாள் சாயங்காலம், பூசணிக்காய் உடைத்து, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் பூசி, கீபோர்டு சந்தெல்லாம் பொரி கொட்டி, ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, கேட்டுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடுகிற பலகையில் ‘உள்ளே இருப்போர்: 1’ என்று எரிந்துகொண்டிருந்தது.

கேட்டு வாட்ச்மேன் மோசஸ் அதைப் பார்த்தான். அந்த ஒன்று யார் என்று தேடிக்கொண்டு உள்ளே போகவில்லை. அவனுக்குத் தெரியும். டீக்கடைக்காரனுக்குக் கூடத் தெரியும். கம்பெனிக்குத்தான் தெரியாது.

அந்த ஒன்று அப்பாவு. ஆடி மாசம் ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனவன். பழைய இரும்போடு இரும்பாக வாய் மூடின சிலிண்டர் ஒன்று உலைக்குள் விழுந்தது. உலை குமட்டிக் கக்கியது. உலையை ஒட்டின மேடை மேலே அப்பாவு நின்றிருந்தான். அப்புறம் மேடை மேலே யாரும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அள்ளிக் கொடுக்க ஒரு பிடி கூட இல்லை. கூட நின்று பார்த்தவர்கள் வடக்கத்திக் கான்ட்ராக்ட் பையன்கள். மறுநாள் விடிந்ததும் அவர்களை பஸ் ஏற்றி வேறு எங்கேயோ வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த உலை இரும்பு மட்டும் வீணாகவில்லை. வழக்கம்போல் கம்பியாகி லாரி ஏறிப் போனது. தரம் பாஸ்.

விசாரணை என்று வந்தபோது கம்பெனி ஒரு மனுஷனையும் கேட்கவில்லை, கம்ப்யூட்டரைக் கேட்டது. கம்ப்யூட்டர் சொன்னது: அப்பாவு உள்ளே வந்தான், வெளியே போகவில்லை. அப்படியானால் உள்ளேதான் இருக்கிறான். உள்ளே இருக்கிறவன் எப்படிச் செத்திருக்க முடியும்? டூட்டியில் இருக்கிறான்.

இந்த இடத்தில் அந்தக் கேட்டின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனி முதலாளிக்கு மனுஷன் மேலும் நம்பிக்கை கிடையாது, மிஷின் மேலும் நம்பிக்கை கிடையாது. அதனால் ஒருத்தன் கார்டைத் தேய்த்ததும் மிஷின் அவன் பேரைப் பலகையில் காட்ட வேண்டும், மிஷின் காட்டியதை மோசஸ் தொண்டை கிழியப் படிக்க வேண்டும். “ரகு, உள்ளே!” “மோனிகா, வெளியே!” ஷிப்டு விடுகிற நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவனுக்குக்கூட யார் வீட்டுக்குப் போகிறான் என்று காதில் விழும்.

அந்த டீக்கடை ஓரத்துக் கல்லில் ஆடி மாசத்திலிருந்து தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள் கங்கம்மா, அப்பாவுவைப் பெற்றவள். மடியில் அவனுடைய சோற்று டப்பா. வெளியே போகிற பேர்களை ஒன்றுவிடாமல் கேட்பாள். கடைசிப் பேரும் படித்து முடிந்ததும் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, புதுவாயலுக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பாள்.

“அத்தே, அவரு பூட்டாரு அத்தே. காரியம் பண்ணணும்” என்று அவள் மருமகள் கன்னியம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள்.

“எம்புள்ள உள்ளதான் கீறான்னு கம்பெனியே சொல்லுது. கட்டினவ நீ இன்னாடி செத்தான்றே? கேட்டுல அவன் பேர வெளியன்னு படிக்கட்டும். அன்னிக்கி நான் தலைக்கு ஊத்திக்கிறேன். அதுக்குள்ள காரியம் கீரியம்னு எவனாவது வாசப்படி ஏறுனான், வெளக்கமாறு பிஞ்சிடும்.”

கன்னியம்மாவுக்கு வேண்டியது இவ்வளவுதான். மோசஸ் வாயால் ஒரு பேர், ஒரு சொல். அது கிடைக்காமல் அப்பாவு செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. ராத்திரி படுத்தால் பக்கத்தில் சூடாக இருந்தது. பகலில் கல்கத்தா ரோட்டில் பாதி கட்டின பாலத்தைக் கடந்து போகும்போது, தூண் தலையில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். எந்தக் கம்பி எந்த உலையோ, யாருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் ஆதிநாராயணன். நெற்றியில் திருமண், இடுப்பில் இரண்டு செல்போன். கன்னியம்மா அவர் எதிரில் போய் நின்றாள்.

“சார், எங்க ஊட்டுக்காரு உள்ளயே கீறாருன்றீங்கோ. சரி, கூப்புடுங்க. ஒரு வார்த்த பேசிட்டுப் பூட்றேன்.”

“டூட்டி நேரத்துல விசிட்டர் அலவ் இல்லம்மா.”

“டூட்டி எப்ப சார் முடியும்?”

“அவர் கார்டைத் தேய்ச்சா முடியும்.”

“கார்டு அவரு கழுத்துல மாட்டினு இருந்திச்சு சார்.”

“பார்த்தீங்களா, அவர்கிட்டயே இருக்கு. தேய்க்கிறதுல அவருக்கு என்னம்மா கஷ்டம்?”

கன்னியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. மனுஷன் நிஜமாகவே கேட்கிறார்.

“வேற கார்டு குடுங்க சார், நான் தேய்க்கறேன்.”

“டூப்ளிகேட் கார்டுக்குச் சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“அப்ப நீங்களே அந்த மிஷின்ல அவர் பேர அழிச்சிடுங்க.”

ஆதிநாராயணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த இடம் வந்துவிட்டது. “அம்மா, இது சி-ன்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையில எழுதின புரோகிராம். எழுதினவர் இப்ப அமெரிக்காவுல இருக்கார். இதுல ஒரு தர்மம் உண்டு. ஒருத்தன் உள்ளே வந்தா மெமரியில அவனுக்குன்னு ஒரு இடம் ஒதுக்குவோம். எவன் இடம் கேட்டு வாங்கினானோ, அவனேதான் திருப்பித் தரணும். அடுத்தவன் கை வைக்கக் கூடாது. வெச்சா எல்லாம் கவுந்துரும். இன்னொண்ணு, கரண்டு போனாலும் இது யாரையும் மறக்காது. கரண்டு வந்ததும் உள்ளே இருக்கிறவன் பேரை எல்லாம் திரும்ப எடுத்து உட்கார வெச்சுடும். உங்க வீட்டுக்காரரை நீங்க மறந்தாலும் நாங்க மறக்க மாட்டோம்.”

அந்த வருஷம் கரண்டு நாளுக்கு நாலு தரம் போய்வந்தது. ஒவ்வொரு தரம் வரும்போதும் பலகையில் முதலில் எரிகிற பேர் அப்பாவு. உள்ளே இருப்பவர்களில் எல்லோருக்கும் முன்னால் வந்தவன் அவன்தானே. ‘அப்பாவு, உள்ளே.’ மோசஸ் படித்தாக வேண்டும். முதலில் சத்தமாகப் படித்தான், அப்புறம் மெதுவாக, அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டு.

கம்பெனி மறக்கத்தான் இல்லை. ஓய்வெடுக்காமல் இத்தனை மணி நேரம் உள்ளே இருப்பது தொழிற்சாலைச் சட்டப்படி குற்றம், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அப்பாவுக்கு ஒரு மெமோ வந்தது. புதுவாயல் விலாசத்துக்கு வந்தது. அவன் உள்ளே இருப்பதாகச் சொன்னவர்களே அனுப்பினார்கள். கன்னியம்மா பதில் போடவில்லை. கேன்டீனில் பலகைக் கணக்குப்படி சமைப்பார்கள். அதனால் ஒரு தட்டு கூடுதலாக வந்தது. சமையல்காரி ரோசம்மாள் அதைக் கடைசி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். பாத்திரம் கழுவ வரும்போது தட்டு காலியாக இருக்கும். காக்காயா, பூனையா, யார் என்று அவள் கேட்டதில்லை. கேட்டு வைத்துப் பதில் வந்துவிட்டால்?

பாதுகாப்பு வாரம் வந்தது. விடுப்பே எடுக்காத ஊழியர் பரிசு அப்பாவுக்குக் கிடைத்தது. மைக்கில் சொன்னார்கள், “அவர் பணியில் இருப்பதால் துணைவியார் பெற்றுக்கொள்வார்.” கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டுக் கன்னியம்மா கையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். பின்னால் பச்சைப் பலகையில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெரிய எண் ஒன்று, ஒரு நாள் கூடக் குறையாமல்.

“சிரிங்கம்மா” என்றான் போட்டோக்காரன்.

“எங்க, அவரும் சேந்து நிக்கட்டும், சிரிக்கறேன்” என்றாள் கன்னியம்மா.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒருநாள் ஷிப்டு விடுகிற நேரத்தில் பலகை நின்றுவிட்டது. எழுத்து ஓடவில்லை, சுற்றுகிற கம்பிக் கதவு அசையவில்லை, உள்ளே இருந்தவன் உள்ளே, வெளியே இருந்தவன் வெளியே. மறுவாரமும் அப்படியே. அமெரிக்காக்காரருக்குப் போன் போட்டால் அவர் தூங்குகிறார். மெமரி நிறைந்துவிடுகிறது என்று சொன்னார்கள். கம்பெனிக்கு இதுவரை வராத கவலை இப்போது வந்தது. அப்பாவு உலையில் விழுந்தபோது கூட்டாத கூட்டத்தைக் கூட்டி, ‘நினைவக ஒதுக்கீட்டுத் திறன் ஒப்பீட்டுக் குழு’ என்று ஒன்று வைத்தார்கள். மெமரியில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலைக்கு அலோகேட்டர் என்று பேராம். மூன்று தினுசு அலோகேட்டரை சி-யில் எழுதி, எது திறமைசாலி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதாம்.

எழுத வந்தவன் சஹாபுதீன், பழவேற்காட்டுப் பையன். அப்பா வத்தல், உப்பு வியாபாரம், இவன் காலேஜ் படித்துக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான். டீக்கடையில் கன்னியம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கன்னியம்மா விடுவாளா?

“இன்னா தம்பி, இன்னாமோ மூணு பேர வச்சி பந்தயம் உடுறீங்களாமே?”

“பேர் இல்லக்கா, அது வந்து... பஸ்ஸுல கண்டக்டர் உக்கார சீட்டு போட்டுத் தர்றான்னு வெச்சுக்கங்க. ஒரு கண்டக்டர் முன்னாலேர்ந்து பாத்துக்கினே போயி மொதல்ல காலியா கெடக்குற சீட்டைக் குடுத்துடுவான். இன்னொருத்தன் பஸ்ஸு பூரா அளந்து, ஆளு சைஸுக்குச் சரியான எடமாப் பாத்துக் குடுப்பான். மூணாமத்தவன், இப்பத்தான் எவன் எழுந்திருச்சானோ அவன் சீட்டையே அடுத்தவனுக்குக் குடுத்துடுவான். மூணுல எவன் சுறுசுறுப்புன்னு பாக்கணும்.”

“எங்க ஊட்டுக்காரு சீட்ட உட்டு எழுந்திருக்க மாட்றாரேப்பா. அவர எவன் எழுப்புவான்?”

சஹாபுதீன் டீயைப் பார்த்துக்கொண்டு, “கண்டக்டருக்கு அந்த அதிகாரம் இல்லக்கா” என்றான்.

ஒப்பிடுவதென்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாட்களை விட்டுப் பார்க்கலாம், சுலபம் என்று சஹாபுதீன் சொன்னானாம். “கம்பெனி பொய் ஆட்களை நம்பாது” என்றார் ஆதிநாராயணன். அதனால் நிஜ ஆட்களை விட்டார்கள். உலையை ஓரங்கட்டிவிட்டு, ஒரு ஷிப்டு ஆள் பூராவும் வரிசையாக உள்ளே போய், கார்டு தேய்த்து, வெளியே வந்து, தேய்த்து, மறுபடி உள்ளே. முதல் நாள் முதல் அலோகேட்டர். மறுநாள் இரண்டாவது. மூன்றாம் நாள் மூன்றாவது. ரகு என்கிற தடிப்பையன் மயக்கம் போட்டு விழுந்தான், அவன் கார்டை எடுத்து மிஷினில் தேய்த்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். மோசஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது; மிளகு வாயில் போட்டுக்கொண்டு படித்தான். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, ஸ்ட்ரைக்கா, திருவிழாவா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நடுவில் கரண்டு போனது. வரிசை அப்படியே வெயிலில் நின்றது. அந்த நேரத்தில் கம்பிக் கதவு, கார்டும் இல்லை, கரண்டும் இல்லை, கால்வாசி சுற்று தானாகச் சுற்றி நின்றது. உள்ளிருந்து அனல் காற்று ஒன்று வரிசையைத் தடவிக்கொண்டு போனது.

“காத்து, காத்து. லைன்ல நில்லுங்க” என்றார் ஆதிநாராயணன், தள்ளி நின்றுகொண்டு.

மூன்று அலோகேட்டரும் ஒரே இடத்தில் மூச்சு முட்டி நின்றன. அறிக்கை எழுதினார்கள். அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து போனால் அந்தச் சின்ன இடங்களை எல்லாம் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கலாம். நடுவில் ஒருத்தன் மட்டும் எழுந்திருக்காமல் குந்தியிருப்பதால் சேர்க்க முடியவில்லை. தடைக்குக் காரணம்: அப்பாவு.

அப்போதுதான் கம்பெனி கன்னியம்மாவைத் தேடிக்கொண்டு புதுவாயலுக்கு ஜீப் அனுப்பியது.

ஹெட் ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் குழுத் தலைவராக வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே இருக்கிற ஆபீஸ் கட்டடத்தில் கூட்டம். ஏசி ஓடியும் அறை புழுங்கியது. ஒரு நாற்காலியை யாரும் இழுக்காமல் காலியாக விட்டிருந்தார்கள்.

பெரியவர் பேசினார். “நாம் மெமரியில ஒரு பைட் இடத்தைக்கூட வீணாக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமா? விவசாயம் போச்சு, ஏரி போச்சு, எல்லோரும் நம்ம கேட்டுலதான் நிக்கிறாங்க. ஆள் வருவான், போவான். இடத்துக்குத்தான் பஞ்சம். மனுஷனை எப்போ வேணும்னாலும் எடுத்துக்கலாம், மெமரியை அப்படி எடுக்க முடியுமா? அம்மா, உங்க வீட்டுக்காரர் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனா ஒப்பீட்டையே கெடுக்கறார். நடுவுல உட்கார்ந்திருக்கார்.”

“எழுந்து வரச் சொல்லுங்க சார். அதத்தானே நானும் கேக்கறேன்” என்றாள் கன்னியம்மா.

ஆதிநாராயணன் எழுந்தார். மூன்றாவது அலோகேட்டர்தான் வேகமானது என்று முடிவாகிவிட்டதாம்; அவருக்கு அதில் ஏகப் பெருமை. “சார், இதோட அழகே என்னன்னா, இப்பத்தான் காலியான இடம் இன்னும் சூடா இருக்கும். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த ஆளை அதே இடத்துல வெச்சிடும். சூடா இருக்கிறதாலதான் வேகமே.”

“சூடாவா?” என்றாள் கன்னியம்மா.

ஏசி கடகடவென்றது.

“டெக்னிக்கல் வார்த்தைம்மா” என்றார் ஆதிநாராயணன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

சஹாபுதீன் கை தூக்கினான். “சார், ஒரு விஷயம். இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுக்கும்போது பழசைத் துடைச்சிட்டுக் குடுக்கறது நல்லது. காலி பண்ணினா எழுதினது அழியாது சார். அப்படியேதான் கெடக்கும்.”

“துடைக்க நேரம் ஆகுமா?” என்றார் பெரியவர்.

“கொஞ்சம் ஆகும் சார். ஒப்பீட்டுல ரெண்டாவதா வந்துடும்.”

“அப்போ வேண்டாம். இந்தக் கம்பெனியில இதுவரைக்கும் எதைத் துடைச்சிருக்கோம்?”

தீர்மானம் இதுதான். சட்டப்படி வாரிசு என்ற முறையில் அப்பாவு இடத்தைக் கன்னியம்மா விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் திருப்பித் தராததை அவர் ஆள் திருப்பித் தருவதால் தர்மம் கெடாது. பதிலுக்கு அவளுக்குக் கேன்டீனில் கூட்டிப் பெருக்குகிற வேலை.

“அப்ப கேட்டுல அவரு பேரப் படிப்பீங்களா சார்? வெளியேன்னு?”

பெரியவர் சிரித்தார். “இடத்தைக் காலி பண்றது வேற, வெளியே போறது வேறம்மா. அவர் கார்டு தேய்ச்சாத்தான் வெளியே. இது வெறுமனே இடத்தை விடறது. வெளியே போனதாப் பதிவு இருக்காது.”

“செத்தாருன்னாவது சொல்வீங்களா?”

“எங்க வளாகத்துல யாரும் சாகறதில்லைம்மா. அந்தப் பச்சைப் பலகையைப் பாருங்க.”

கன்னியம்மாவுக்குப் புரிந்தது. அவனை உள்ளேயும் இல்லாமல், வெளியேயும் வராமல் செய்யப் போகிறார்கள். ஆனால் கேன்டீன் வேலை என்றால் உள்ளே போகலாம். கட்டினவன் நின்ற மேடையை ஒரு தரம்கூட அவளுக்குக் காட்டவில்லை. போய் அங்கே ஒரு தரம் நிற்கலாம். சரி என்று தலையாட்டினாள்.

அவள் கண்ணெதிரிலேயே சஹாபுதீன் ஒரு பட்டனைத் தட்டினான். பலகையில் கணக்கு ஒன்று குறைந்தது. பேர் வரவில்லை. மோசஸ் படிக்க ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் கல்லில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம், “எடத்த காலி பண்ணிட்டாங்களாம் அத்தே” என்றாள்.

“பேரப் படிச்சானா?”

“இல்ல.”

“அப்ப எம்புள்ள வர்ல” என்று கங்கம்மா டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மா புதுக் கார்டோடு கேட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு நாளில் புதிதாகச் சேர்ந்தது அவள் ஒருத்திதான். மூன்றாவது அலோகேட்டர் சொன்ன சொல் தவறாமல் சூடு ஆறாத இடத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்தது. புது ஆள் பேரை ஆபீஸில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்த இடத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் பலகையில் வரும். கார்டைத் தேய்த்தாள்.

பலகையில் எழுத்து ஓடியது. மோசஸ் பார்த்தான். படிக்க வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் ஒரு அடி பின்னுக்குப் போனார்கள்.

“படி மோசஸண்ணே” என்றாள் கன்னியம்மா.

“அப்பாவு... உள்ளே.”

கம்பிக் கதவு சுற்றி அவளை உள்ளே விட்டது.

ஆதிநாராயணன் ஓடி வந்தார், சஹாபுதீன் ஓடி வந்தான். “துடைக்கலைன்னா இப்படித்தான் சார் ஆகும்னு சொன்னேன்.” “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. அதுவரைக்கும் அந்தம்மா கார்டைத் தேய்க்கக் கூடாது. அறிக்கை இன்னிக்குத்தான் ஹெட் ஆபீஸ் போகுது!”

கன்னியம்மா நாள் பூரா கூட்டினாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பலகையில் அப்பாவு உள்ளே இருப்பதால் ரோசம்மாள் வழக்கம்போலக் கடைசி மேசை ஓரத்தில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனாள். கன்னியம்மா அந்த மேசையில் போய் உட்கார்ந்து, தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடவில்லை. முதல் தரமாக அந்தத் தட்டு எல்லோர் கண்ணெதிரிலும் காலியானது. ரோசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்றாள், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே.

சாப்பிட்டுவிட்டு விளக்குமாறோடு உலைப் பக்கம் போனாள். மேடைக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கைப்பிடி போட்டிருந்தார்கள். ஆட்கள் அங்கே இங்கே ஓடினார்கள்; ஒரே ஒரு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். கோலத்தை மிதிக்காமல் போகிற மாதிரி. அவள் போய் அந்த இடத்தில் நின்றாள். முகத்தில் அனல் அடித்தது. பக்கத்தில் படுத்தால் இருக்கிற அதே சூடு.

“யோவ்” என்றாள் மெதுவாக. “எம்மா நேரந்தான் நிப்பே? வா, ஊட்டுக்குப் போலாம்.”

ஷிப்டு விட்டது. வரிசையில் அவளும் வந்தாள். கேட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் சஹாபுதீன். தலைக்கு மேலே ஆதிநாராயணன்.

“நில்லும்மா! இன்னும் மாத்தல. என்னப்பா, ஒரு பேரை அடிக்க இவ்வளவு நேரமா?”

“கீபோர்டுல பொரி சிக்கிக்கினு கீது சார். ஆயுத பூஜைப் பொரி” என்றான் சஹாபுதீன். அவன் விரல் கீபோர்டு மேலேதான் இருந்தது. அடிக்கவில்லை. கன்னியம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

கன்னியம்மா கார்டைத் தேய்த்தாள்.

பலகையில் எழுத்து ஓடியது.

“மோசஸ், படிக்காதே!” என்று கத்தினார் ஆதிநாராயணன்.

மோசஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “முதலாளி ஆர்டர் சார். பலகை காட்டுறதப் படிக்கணும்.” அப்புறம், தொண்டை கட்டின மனுஷன், சிப்காட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி படித்தான்.

“அப்பாவு, வெளியே!”

கம்பிக் கதவு ஒரு சுற்று சுற்றி அவளை வெளியே விட்டது. அப்புறம் அவளுக்குப் பின்னால் இன்னொரு சுற்று சுற்றி நின்றது. ஆதிநாராயணன் காற்று என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கங்கம்மா கல்லை விட்டு எழுந்தாள். மருமகள் ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உசரத்தில், ஒரு ஆம்பளை முகம் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இளைத்துப் போயிருக்கிறானா என்று பார்க்கிற பார்வை.

“இன்னிக்கி இன்னா திதிடீ?”

“அமாவாச கழிஞ்சி மூணாம் நாளு அத்தே.”

“மூணாம் நாளு. நான் மறந்தாலும் நீ நெனப்புல வச்சிக்கோ.” கங்கம்மா சோற்று டப்பாவைக் கன்னியம்மா கையில் கொடுத்தாள். “வா, தலைக்கு ஊத்திக்கணும்.”

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு விரல் சந்து இருந்தாலும் அதில் ஒரு ஆளைச் செருகிவிடுகிற ஆட்டோக்காரன். “புதுவாயலா? எத்தினி பேரு?”

“மூணு பேரு” என்றாள் கங்கம்மா.

கிழவி ஒரு ஓரம் உட்கார்ந்தாள், கன்னியம்மா மறு ஓரம் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். வண்டியை எடுத்தான். பாதி கட்டின பாலம் வந்தது. கன்னியம்மா இன்றைக்குக் கம்பிகளைப் பார்க்கவில்லை. வழியில் கை காட்டினவர்கள் நிறைய. புதுவாயல் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த நடு இடத்தில் ஆட்டோக்காரன் யாரையும் ஏற்றவில்லை.